குழாய்க்குள் கேமரா

"நாத்தமே இல்லாம சாக்கடை வேலை பாக்கறவன் ஊர்லயே இவன் ஒருத்தன்தான். வேன்ல உக்காந்து சாப்பிடலாம்" என்று மச்சானின் தோளைத் தட்டினார் வாரன்.

டேரல் சிரித்தபடி கேமராச் சுருளைத் தூக்கிக்கொண்டு பனியில் நடந்து வீட்டின் பின்பக்கம் போனான்.

வீடு வாங்குகிறவர்களுக்காக வீட்டைச் சோதித்துச் சொல்வது வாரனின் தொழில். கூரை, ஹீட்டர், வயரிங் என்று போய்க்கொண்டிருந்ததில் போன வருஷம்தான் கழிவுநீர்க் குழாயையும் சேர்த்தார். ஆசையாக வைத்திருந்த மீன்பிடிப் படகை விற்றுக் கேமரா வாங்கி, ஆலை மூடியதால் சும்மா கிடந்த மனைவியின் தம்பியிடம் அதைக் கொடுத்தார். தரைக்கு மேலே அவர், கீழே அவன்.

அதற்குப் பிறகுதான் நோரீன் மாறினாள். ஓஹையோவின் அந்தச் சின்ன ஊரில் பாதி வீடுகளை விற்றுக்கொடுக்கும் புரோக்கர் அவள். வாரனுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்ததே அவள்தான். திடீரென்று ஒருவரும் வரவில்லை. அவர் சுத்தமாக இருக்கிறதென்று சொன்ன வீடுகளில் குழாய் உடைந்து நாறுகிறது என்று ஊரெல்லாம் பேசுகிறாளாம்.

வேறு ஆளிடம் கமிஷன் வாங்கியிருப்பாள் என்றான் டேரல். கூட இருந்தே குழி பறித்துவிட்டாளே என்று வாரன் பொருமினார். தொழிலை மூடிவிடலாமா என்றுகூட யோசித்துவிட்டார்.

இன்று அவளே கூப்பிட்டிருந்தாள். அவள் தங்கை விற்கப்போகும் வீடு. போன வருஷம்தான் நகர எல்லைக்குள் சேர்த்த தெரு. குழாயை மட்டும் பார்த்தால் போதும் என்றவள், காபிக் கோப்பையோடு கூடவே நின்றாள். பின்முற்றம் முழுக்க வெள்ளையாக இருக்க, ஒரே ஓரிடத்தில் மட்டும் பனி உருகிப் புல் தெரிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாரன் அவளை முறைத்துக்கொண்டிருந்தார்.

டேரல் திரும்பி வந்து திரையில் படத்தை ஓட்டிக் காட்டினான். வேர் இல்லை, விரிசல் இல்லை. குழாய் பளிச்சென்று இருந்தது.

வாரனால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "வருஷா வருஷம் பண்டிகைக்கு எங்க வீட்டு மேசையில வான்கோழி சாப்பிட்டவதானே நீ? உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியே நோரீன்" என்றார்.

அவள் டேரலிடம் திரும்பி, "தெரு சாக்கடை மெயின் லைன் வரைக்கும் கேமரா போச்சா?" என்று கேட்டாள்.

"கடைசி வரைக்கும் போச்சு. எங்கக்கா மேல சத்தியம்."

நோரீன் வாரனின் கையைப் பிடித்துப் பின்முற்றத்துக்குக் கூட்டிப்போனாள். பனி உருகியிருந்த இடத்தில் பூட்ஸ் காலால் தட்டினாள். அடியில் காலி டிரம்மைத் தட்டியதுபோலச் சத்தம் கேட்டது.

"இது செப்டிக் டேங்க், வாரன். இந்தத் தெருவுக்கு இன்னும் சாக்கடையே வரல."