மனசாரச் சம்மதம்

சந்தனமாரி ஜவுளிக்கடையில் காலமெல்லாம் நின்றுகொண்டே சேலை விரித்துப் போட்டவள். இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டு மண்புழுவாய்ப் புடைத்திருந்தது. ஆபரேஷனுக்கு முன் அவள் சம்மதக் கருவியில் கை வைக்க வேண்டும். மனசார ஒப்புக்கொண்டால்தான் பச்சை எரியும்; அதுவரை டாக்டர் கத்தியைத் தொடக்கூடாது என்பது சட்டம்.

லேசர், அறுவை, இறுக்கமான காலுறை, ஒன்றும் செய்யாமல் விடுவது என்று, அவள் சேலை விரிப்பதுபோலவே கருவி எல்லாவற்றையும் விரித்துப் போட்டது. நல்லது கெட்டதையும் சொன்னது.

"நீங்களே பாத்துச் செய்யுங்க டாக்டர்" என்றாள். சிவப்பு எரிந்தது.

"ஐயோ, முடிவு உங்களோடதும்மா!" என்று டாக்டர் கெஞ்சினார்.

"சரி, ஆபரேஷனே பண்ணிருங்க." மறுபடியும் சிவப்பு.

"உங்களுக்கு உண்மையில் என்னதான் வேண்டும்?" என்றது கருவி. இத்தனை வயசுவரை யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை.

"அறுத்தாலும் திரும்ப அங்கதான போய் நிக்கணும்? கடையில உக்கார ஒரு ஸ்டூல் வேணும்."

பச்சை பளிச்சென்று எரிந்தது.

டாக்டர் தலையைச் சொறிந்தார். "அதுக்கு உங்க முதலாளில்ல சம்மதிக்கணும்!"

மறுநாள் கருவியைக் கடைக்கே தூக்கிப் போனார்கள். கடை நிறைய கூட்டம் வேடிக்கை பார்க்க, முதலாளி வாயெல்லாம் பல்லாகக் கை வைத்தார்.

"நம்ம பிள்ளைங்க தாராளமா உக்காரட்டும். நானா வேண்டாம்பேன்?"

அந்தக் கருவி அப்படிச் சிவந்து டாக்டரே பார்த்ததில்லை.