பலகை அதிரும் வீடு

மாரீஸ்வரன் படியேறி வந்து ஜன்னலருகே நின்றபோது, கம்பிக்கு நடுவே சிலந்தி வலையில் ஓர் ஈ மாட்டித் துடித்துக்கொண்டிருந்தது.

சிலந்தி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆனாலும் சட்டென்று திரும்பிக் குறி தப்பாமல் ஓடியது.

மகள் கார்த்திகாவின் புத்தகத்தில் அவரே படித்ததுதான். சிலந்திக்குக் காது கிடையாதாம். வலை அதிர்வதைக் காலால்தான் கேட்குமாம்.

அப்படியானால் அதுவும் இராஜபாளையம் மில்லில் இருபத்திரண்டு வருஷம் தறிகெட்ட சத்தத்தில் நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அவர் காது போய் நாலு வருஷமாகிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. காது கேளாத மாமனாரை ஊரறிய 'டமாரம்' என்று கூப்பிட்டுச் சிரித்த வாயல்லவா? எந்த முகத்தோடு மனைவி ஆனந்தவல்லியிடம் போய்ச் சொல்வது, உங்கப்பாவுக்குத் துணைக்கு ஆள் சேர்ந்தாச்சு என்று?

சாமர்த்தியத்துக்கு மட்டும் குறைவில்லை. எதிரே நின்றால் உதட்டைப் பார்த்துக்கொள்வார்; மில்லில் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள். முதுகுக்குப் பின்னால் என்றால் காலை நம்புவார். ஸ்ரீவில்லிபுத்தூர் மாடி வீட்டின் பழைய பலகைத் தளம், மனைவி நடந்தாலே திம் திம்மென்று அதிரும். உடனே திரும்பி, என்ன என்பார்.

அதோடு விடுவாரா? யானை கெட்டது போ, கீழ்வீட்டில் சுண்ணாம்பு உதிர்கிறதாம் என்று தினமும் திட்டும் உண்டு.

இன்று மில்லில் கரண்ட் இல்லை. சீக்கிரமே வந்துவிட்டார்.

ஜன்னல் வழியே ஆனந்தவல்லி தெரிந்தாள். தண்ணீர் வாளியோடு அடுப்படிக்கும் குளியலறைக்கும் நாலு நடை நடந்தாள்.

வலை அசையவில்லை. ஜன்னல் சட்டத்தில் ஊன்றியிருந்த அவர் கைக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

பூனைகூட அவ்வளவு மெத்தென்று நடக்காது.

அவர் உள்ளே போனார். அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, நிலைக்கண்ணாடி முன் சட்டையைக் கழற்றினார்.

திம். திம். திம்.

கண்ணாடியில் பார்த்தார். அவரையே பார்த்தபடி, சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, வெடித்த குதிகாலை ஓங்கி ஓங்கி வைத்து வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் உதட்டைக் கடித்தாள்.

ஜன்னலில் சிலந்தி அவசரமாக ஓடி வந்து, ஒன்றுமில்லாமல் திரும்பியது. ஏமாந்த சோணகிரி.

நாலு வருஷச் சோணகிரி தொண்டையைச் செருமிக்கொண்டார். இன்றைக்குத் திட்டாவிட்டால், தனக்குத் தெரிந்துவிட்டதென்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

"ஏட்டி, செத்த மெதுவாத்தான் நடந்தா என்ன?"