இரண்டாவது முக்காலி

"உக்காரலாமா இதுல, இல்ல பாக்கறதுக்கு மட்டும்தானா?"

கேட்டது நாத்தனார். கால் முறிந்து கிடக்கும் தம்பியைப் பார்க்க வெளியூரிலிருந்து வந்திருந்தாள். ஜன்னலோரம் பூந்தொட்டியைச் சுமந்து நின்ற முக்காலி அதற்குள் அவள் கண்ணில் பட்டுவிட்டது. தொட்டியை இறக்கி வைத்துவிட்டு அதைக் கூடத்தின் நடுவுக்கே இழுத்து வந்துவிட்டாள்.

தேநீர்த் தட்டோடு வந்த இவள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வார்னிஷ் இன்னும் காயல அண்ணி."

நாத்தனார் பலகையை விரலால் தேய்த்தாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். தொட்டிக்குக் காய்ந்தது தனக்கு மட்டும் காயவில்லையா என்று சிரித்தாள்.

சோபாவில் மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் நீட்டியிருந்த கணவன், குளியலறையில் வழுக்கி விழுந்த கதையைப் பாதியில் நிறுத்தினான்.

ஐந்து வாரத்தில் அந்தக் கதை நன்றாக வளர்ந்திருந்தது. ஆரம்பத்தில் வெறும் ஈரத் தரைதான். பிறகு சோப்பு வந்தது. இன்று ஒரு வாளியும் சேர்ந்து உருண்டது.

தரையை ஒழுங்காகக் கழுவிவிடத் தெரியாதா என்று வந்ததும் வராததுமாக நாத்தனார் இவளை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருந்தாள். இவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். திட்டு வாங்குவது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் உடம்பைக் கூச வைத்தது.

நீயேவா செய்தாய் என்று நாத்தனார் முக்காலியைச் சுற்றி வந்தாள். இவள் வாயைத் திறக்குமுன் கணவன் முந்திக்கொண்டான். சனிக்கிழமைதோறும் தச்சு வேலை பழகப் பட்டறைக்குப் போகிறாள். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் பலகையில் பூவை இயந்திரமே செதுக்கிவிடும். ஆனால் மூன்று கால்களும் லேத்தில் இவளே உளி பிடித்துக் கடைந்தவை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சொட்டு பிசகாமல் அளக்கிறவளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்றான்.

இவள் செய்த முதல் பொருள் இதுதான் என்றும் சொன்னான்.

இவள் தரையைப் பார்த்தாள்.

முதல் பொருள் வேறு. அதுவும் ஒரு முக்காலி.

மரத்தின் மேற்பரப்பு எங்கே இருக்கிறது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. வெட்டும் முனையை மரத்தில் தொடவைத்து, இதுதான் பூஜ்ஜியம் என்று நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். இவள் சொல்லிக்கொடுத்தாள். பிறகு பலகையில் ஒரு முடிச்சு இருப்பதைப் பார்த்து வேறு பலகையை மாற்றி வைத்தாள். புதியது எட்டு மில்லிமீட்டர் மெலிசு. பூஜ்ஜியத்தை மறுபடி சொல்ல மறந்துவிட்டாள்.

இயந்திரம் முதல் எட்டு மில்லிமீட்டருக்குக் காற்றைச் செதுக்கியது. கால்களைச் செருகும் குழிகள் இருபது மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டியவை, பன்னிரண்டோடு நின்றன.

பயிற்சியாளரிடம் சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் சரியாகியிருக்கும். பத்துப் பேர் நடுவில் கை தூக்க வெட்கம்.

யாரும் பார்க்காதபோது கால்களின் முனைகளை ரம்பத்தால் குட்டையாக்கினாள். ஒரு முனை லேத்திலேயே இளைத்துப்போயிருந்தது. குழிக்குள் அது ஆடியது. மரத்தூளையும் பசையையும் குழைத்துச் சந்தில் அடைத்தாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு பார்க்க ஒரு குறையும் இல்லை. பயிற்சியாளரே தடவிப் பார்த்து சபாஷ் என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது முக்காலியில் பூஜ்ஜியத்தை மூன்று முறை வைத்தாள். குழி இருபது, முனை இருபது. ஒவ்வொன்றுக்கும் பயிற்சியாளரைக் கூப்பிட்டுக் காட்டி அவர் பொறுமையைச் சோதித்தாள். முடிந்ததும் பட்டறை மூலையில் கிடந்த இரண்டு சிமென்ட் மூட்டைகளை அதன்மேல் ஏற்றி ஒரு முழு நாள் விட்டு வைத்தாள். அசையவில்லை.

ஆனாலும் வீட்டில் யாரையும் அதில் உட்கார விட்டதில்லை.

நாத்தனார் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு உட்காரத் திரும்பினாள்.

"இரு அக்கா. இவ செஞ்சதுல முதல்ல நான்தான் உக்காருவேன்."

கணவன் ஊன்றுகோலை இழுத்துக்கொண்டு எழுந்தான். எதற்கு இந்த வீம்பு என்று அக்கா அதட்டியது அவன் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. கட்டுப்போட்ட காலை முன்னால் நீட்டியபடி, தத்தித் தத்தி வந்தான்.

இவள் தட்டைப் போட்டது போட்டபடி ஓடினாள். தரையில் மண்டியிட்டு முக்காலியின் இரண்டு கால்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சிம்மாசனம் ஏறும் மகாராஜாவுக்குச் சேவகத்தைப் பார் என்று நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவன் இவள் தோளில் கையூன்றி உட்கார்ந்தான். மெதுவாகத் தோளிலிருந்து கையை எடுத்தான். முழுப் பாரமும் இறங்கியது.

மரம் சத்தம் போடவில்லை.

போன முறை, அந்த முதல் முக்காலியில், போட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தூங்கி எழுந்தவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து முதலில் நீதான் உட்கார வேண்டும் என்று உட்காரவைத்தது இவள்தான்.

எப்படி விழுந்தீர்கள் என்று மருத்துவமனையில் அவனிடம் கேட்டபோது, பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று முந்திக்கொண்டு சொன்னதும் இவள்தான். அவன் இவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஆமாம் என்றான்.

அன்று காலை இருவருமே இன்னும் குளித்திருக்கவில்லை.