ஓட்டைப் பானை

புழக்கடையில் மகள் பவளத்துக்குச் சடை பின்னிக்கொண்டே கோவிந்தம்மாள் கதை சொல்கிறாள். காஞ்சிபுரத்து விடுதியில் தங்கிப் படித்த நாளில் கேட்ட கிரேக்கக் கதை. வற்றிக்கொண்டு வரும் கிணற்றின் சுவரில் சாயங்கால வெயில் மஞ்சளாய் ஒட்டியிருக்கிறது. "கட்டுன புருசங்களக் கொன்ன பாவத்துக்கு அந்தப் பொண்ணுங்க பாதாளத்துல ஓட்டைப் பானைய ரொப்பிக்கினே இருக்கணும். ஊத்த ஊத்த ஒயுகிப் பூடும். ரொம்பவே ரொம்பாது." கையெட்டும் தூரத்தில் எலுமிச்சங்கன்று இலையில்லாமல் குச்சியாய் நிற்கிறது. அதன் வேரோரம் அவள் புதைத்து வைத்த பானை. அடியில் ஓட்டை, வேருக்கு நீர் கசிய ஓட்டையில் துணித்திரி. காய்ந்த குச்சிக்கு எதற்குத் தண்ணீர் என்று கணவன் சொன்னதிலிருந்து அது வெறுமனே கிடக்கிறது. பவளம் பாதிச் சடையோடு திரும்புகிறாள். "பாதாளத்துல அந்தப் பானைக்குக் கீய இன்னா செடிம்மா வெச்சிருந்தாங்க?" கோவிந்தம்மாள் எலுமிச்சங்கன்றின் பக்கம் திரும்புகிறாள். ரிப்பனைப் பல்லில் கடித்தபடி குனிந்து, குச்சியின் அடிப்பட்டையை நகத்தால் மெல்லக் கீறுகிறாள். உள்ளே ஈரப் பச்சை. ரிப்பனை வாயிலிருந்து எடுக்காமலே சொல்கிறாள்: "போயி ஒரு சொம்பு தண்ணி மொண்டுகினு வா."