தீவில படிக்கிற டொக்டர்

“அருந்ததி, எங்கட அண்ணை உம்மட மகனைக் கண்டவராம்!”

மேய்ஸ் ஹில் முருகன் கோயில் அன்னதான வரிசையில இராஜேஸ்வரி அக்கா இப்பிடிச் சொன்னதும் அருந்ததி வரிசையை விட்டு நழுவப் பார்த்தா.

நழுவாம என்ன செய்வா? மகன் ஜசிந்தன் டாஸ்மேனியாவில டொக்டருக்குப் படிக்கிறான் எண்டு ரெண்டு வருசமா பென்டில் ஹில் முழுக்கச் சொல்லி வச்சிருக்கிறா. மெடிசின் கிடைச்ச சந்தோசம் எண்டு இதே கோயிலில ஒரு நாள் அன்னதானமும் குடுத்தவ. முருகனுக்கே பொய்!

அவன் படிக்கிறது விவசாயம். அதுவும் டாஸ்மேனியாவுக்கு அங்கால ஒரு சின்னத் தீவில, ஊர்ச்சனம் நடத்திற குட்டிக் கல்லூரி. மொத்தமே முப்பது பிள்ளையள். விடிய எழும்பி மாடு கறக்கிறது, வேலி போடுறது, மண் பரிசோதிக்கிறது, இதுதான் பாடம். “அம்மா, ஐ லவ் இற்” எண்டு ஒற்றைக்காலில நிண்டு போனவன்.

“எ... எங்க கண்டவராம்?”

“ஏதோ ஒரு தீவிலயாம். வாய் தவறிச் சொல்லிப்போட்டு, அதுக்கு மேல கேட்டா மழுப்புறார். மெடிசின் படிக்கிற பெடியனுக்குத் தீவில என்ன வேலை?”

இராஜேஸ்வரி அக்கா ஒண்டைப் பிடிச்சா விடமாட்டா. ஆற்ற பிள்ளை என்ன படிக்குது, எத்தனை மார்க்ஸ் எண்டு துருவாட்டி அவவுக்குச் சோறு இறங்காது.

“அண்ணை! இஞ்ச ஒருக்கா வாங்கோ!”

அவவின்ரை கூடப்பிறந்த அண்ணை, டொக்டர் கதிர்காமநாதன், தட்டோட வந்தார். லிட்கம் பக்கம் அவரைத் தெரியாத தமிழ்ச்சனம் இல்லை. பொய் சொல்லத் தெரியாத மனிசன் எண்டு எல்லாரும் சொல்லுவினம்.

‘முருகா, இண்டைக்கு என்ரை மானம் கப்பலேறப் போகுது.’ அருந்ததி மனசுக்குள்ள கும்பிட்டா.

“அண்ணை, இவவின்ரை மகன் அங்க என்ன செய்யிறான்?”

டொக்டர் அருந்ததியைப் பார்த்தார். அவ கண்ணாலயே கெஞ்சினா. முன்னுக்கு நிண்ட சனமும் திரும்பிப் பார்த்துது.

“ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போய் நிக்கிறான். சரியான கெட்டிக்காரன்,” எண்டார் டொக்டர். “பாயாசம் முடியப் போகுது, கெதியா வாங்கோ.”

அப்பாடா! அருந்ததிக்குப் போன உயிர் திரும்பி வந்துது. ரெண்டு தரம் பாயாசம் வாங்கிக் குடிச்சா.

சாப்பாடு முடிய, கார் விடுற இடத்தில ஓடிப்போய் டொக்டரை மறிச்சா.

“டொக்டர் அண்ணை, நீங்கள் தெய்வம்! பொய் சொன்னது என்ரை பிழைதான். வேற ஆளெண்டால் அந்த இடத்திலயே என்னை நாறடிச்சிருக்கும். எனக்காகப் போய் நீங்களும்...” மேல கதைக்க விடாமல் அழுகை வந்திட்டுது.

டொக்டர் சுத்துமுத்தும் பார்த்தார். திறந்த கார்க் கதவைத் திரும்பச் சாத்தினார்.

“உமக்காக ஆர் பிள்ளை பொய் சொன்னது? உம்மட மகனுக்குப் பக்கத்தில சேத்துக்குப் போடுற கம்பூட்சோட நிண்டு மாடு கறந்தது, மெல்பனில மெடிசின் படிக்கிறாள் எண்டு நான் சொல்லித் திரியிற என்ரை மூத்தவள். தயவுசெய்து இராஜேஸ்வரிக்கு மூச்சும் விட்டுடாதையும்!”