இரண்டாவது ஊதல்

பவளக்கொடி மூச்சை அளக்கும் கருவியின் குழாயில் ஊதினாள். மருந்தை உள்ளிழுத்து, கால்மணி நேரம் கழித்து மறுபடி ஊதினாள். அளவு கூடவே இல்லை.

"ஆஸ்துமான்னா மருந்துக்கு மூச்சு திறந்திருக்கணும். இது ஆஸ்துமா இல்லம்மா. அரிசி ஆலையில உமி அடுப்புக்கு முன்னால இருபது வருஷம் நின்னீங்களே, அந்தப் புகை நுரையீரலைக் கெடுத்திருக்கு," என்றார் டாக்டர்.

"அப்ப எனக்கு வராதா?" என்று கேட்டாள் மகள் தில்லைநாயகி.

"இது அப்படிப் பரம்பரையா வர்ற நோய் இல்ல."

அம்மாவின் ஆஸ்துமா பெண்ணுக்கும் வரும் என்று சொல்லி ஐந்து மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போயிருந்தார்கள். தில்லைநாயகிக்கு இப்போது நாற்பத்தாறு வயது. பவளக்கொடி மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க டாக்டர்," என்றாள் தில்லைநாயகி.

"யார்கிட்டம்மா காட்டணும்?" என்று கேட்டார் டாக்டர்.

தில்லைநாயகி தாளுக்காகக் கையை நீட்டியபடியே நின்றாள்.