இரண்டு உதவியாளர்கள்

மனிதனின் உயரத்தை அவனுக்குக் கீழே வேலை செய்பவர்களை எண்ணித்தான் உலகம் அளக்கிறது. குமாஸ்தா உஸ்தாத் ஃபிக்ரிக்குக் கீழே இருபது வருடமாக ஒரு நாற்காலி மட்டுமே இருந்தது.

ஆகவே, காலையில் அவர் போனில் பேசியதைக் கேட்ட மனைவி இன்ஷிராஹ் பூரித்துப்போனாள்.

"ரெண்டு உதவியாளரும் புதுசா வேணும். பழசு ரெண்டும் தளர்ந்துபோச்சு. நானே வந்து பாத்துத்தான் எடுப்பேன். ஜப்பான்னா நல்லா உழைக்குமா?"

மாலையில் அவர் காரை நிறுத்தி இறங்கியதும் வாசலில் குலவை எழுந்தது. கட்டடமே ரோஜா சர்பத் குடித்துக்கொண்டிருந்தது.

"டைரக்டராயிட்டீங்களாமே உஸ்தாத்! எங்ககிட்ட மறைக்கலாமா?" என்றாள் பக்கத்து வீட்டு உம்மு ஷாதி. "அந்த ஜப்பான்காரங்க ரெண்டு பேரும் எங்கே?"

ஃபிக்ரி காரின் முன்சக்கரங்களைக் காட்டினார். கெய்ரோவில் ஷாக் அப்சார்பருக்கும் உதவியாளர் என்றுதான் பெயர்.

இன்ஷிராஹின் முகம் சிவந்தது. "இதையா அவ்வளவு பாத்துப் பாத்து எடுத்தீங்க?"

"கார் பள்ளத்துல இறங்கினா இடுப்பு வலிக்குதுன்னு நீதானேடி சொன்னே?"

அவள் தன் தம்ளரை அவர் கையில் திணித்தாள். "குடிங்க, டைரக்டர்."

பதவி உயர்வுப் பட்டியல் போன வாரமே வந்திருந்தது. அதில் அவர் பெயர் இல்லை.